தண்ணீருக்கு ஒரு நாள், தவணைக்கு ஒரு நாள்: மட்டக்களப்பு நெற்செய்கையில் வறட்சியும் கடனும்

மட்டக்களப்பில் ஆண்டுக்குச் சராசரியாக 1,700 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. மாவட்டத்தின் ஊடாக 56 கிலோமீட்டர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது. மேற்கே உன்னிச்சை, உறுகாமம், நவகிரி, வாகனேரி என்று பெருங்குளங்கள். வரைபடத்தில் பார்ப்பவருக்கு இது தண்ணீர் நாடு. ஆனால், வறட்சியில் அடிபட்டுக் கடன் கட்ட முடியாமற்போன பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்வதற்காக 2018இல் அரசாங்கம் 12 மாவட்டங்களைத் தெரிவு செய்தபோது, மட்டக்களப்பும் அதில் இருந்தது. இவ்வளவு நீருக்கு நடுவே வேளாண்மைக்காரர் வறட்சியால் கடனாளியாவது எப்படி?

ஊரில் கேட்டால் மூன்று பதில்கள் கிடைக்கும். மழை ஏமாற்றிவிட்டது என்பார் ஒருவர். அரசாங்கம் கைவிட்டது என்பார் இன்னொருவர். வட்டிக்காரன் விழுங்கினான் என்பார் மூன்றாமவர். மூன்றும் உண்மை. ஆயினும் கடந்த பத்தாண்டுச் செய்திகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இந்த மூன்றும் வந்து முட்டிக்கொள்ளும் இடம் நாட்காட்டி என்று தெரிகிறது. மழைக்கு ஒரு நாள், வாய்க்கால் திறக்க ஒரு நாள், உரம் வர ஒரு நாள், நெல்விலை அறிவிக்க ஒரு நாள், கடன் தவணைக்கு ஒரு நாள், நட்டஈடு கைக்கு வர ஒரு நாள். இவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் பொறுப்பு எந்தக் கந்தோருக்கும் இல்லை. பொருந்தாத நாட்களின் நட்டம் முழுவதும் வயற்காரரின் தலையில் விழுகிறது.

படுவான்கரையின் நிலமும் நீரும்

வாவிக்குக் கிழக்கே கடலோரமாக நீளும் எழுவான்கரையில் பட்டினமும் சந்தையும் நெருக்கமான குடியிருப்பும். மேற்கே படுவான்கரையில் வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி, வடக்கே செங்கலடி, கிரான் எனப் பரந்து கிடக்கும் வட்டைகள் எனும் வயல்வெளிகள். நெல் மேற்கில் விளைகிறது. அதற்கு விலை சொல்கிறவரும் கடன் கொடுக்கிறவரும் பெரும்பாலும் கிழக்கிலிருந்து வருகிறார்கள்.

வாவி நிறையத் தண்ணீர் இருந்தாலும் அது வயலுக்கு ஆகாது. கடலோடு கலந்த உவர்நீர் அது. வெள்ள காலத்தில் தாழ்ந்த வயல்கள் மூழ்கும்போது முகத்துவாரத்தை வெட்டச் சொல்லி விவசாயிகள் நிற்பார்கள். வாவியின் மீன்வளம் போய்விடும் என்று மீனவர்கள் மறுப்பார்கள். கோடையில் நன்னீர் வரத்துக் குறைய, வாவியோரத்து வயல்களில் உவர் ஏறும். ஆகவே நெல்லுக்கு இருப்பது இரண்டே வழி: குளத்து நீர் அல்லது வானம்.

மழையின் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழையை நம்பிய மாரி வேளாண்மைதான் பெரும்போகம். குளத்தில் தேங்கியதை வைத்து ஏப்ரல் முதல் செய்வது சிறுபோகம். பெரும்போகத்தில் மாவட்டம் முழுக்க ஒன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேல் விதைக்கப்படுகிறது. அதில் பெரும் பங்கு மானாவாரி. குளத்தின் கீழ் காணி உள்ளவருக்கு மழை பிந்தினால் வாய்க்கால் இருக்கிறது. மானாவாரிக்காரருக்கு மேகம் மட்டுமே.

மானாவாரி விதைப்பே ஒரு சூதாட்டம்தான். செப்டெம்பர் இறுதியிலும் ஒக்டோபரிலும் காய்ந்த மண்ணைப் புழுதியாக உழுது விதையை எறிந்துவிட்டு முதல் மழைக்குக் காத்திருப்பார்கள். மழை சரியான நாளில் வந்தால் களையை முந்திப் பயிர் எழும்பும், பெருவெள்ளம் வரும் முன் வேர் பிடிக்கும். ஒரு பாட்டம் பெய்து முளைக்க வைத்துவிட்டு மூன்று வாரம் மழை ஒளித்துக்கொண்டால், முளை கருகும். திரும்ப விதைக்க வேண்டும்: திரும்ப உழவு மெசின் கூலி, திரும்ப விதைநெல். அறுவடைக்கு மாதங்கள் இருக்கும்போதே ஒரு போகத்துக்கு இரண்டு முறை செலவழித்தாயிற்று.

பயிர் வளர்ந்த பிறகும் ஆபத்து எல்லா நாட்களிலும் ஒரே அளவில் இல்லை. நாற்றுப் பருவத்தில் பத்து நாள் காய்ந்தால் பயிர் தேறிவிடும். கதிர் உள்ளே உருவாகும் குடலைப் பருவத்திலிருந்து பூத்துப் பால் பிடிக்கும் வரையான சில வாரங்களில் அதே பத்து நாள் காய்ந்தால், கதிர் வெளியே வரும், மணி இராது. தெருவில் நின்று பார்ப்பவருக்கு வயல் பச்சையாகத்தான் தெரியும். வரம்பில் இறங்கிக் கதிரை விரலால் நசுக்கிப் பார்த்தால்தான் சப்பி என்று புலப்படும். வறட்சிச் சேதத்தை மதிப்பிட வரும் அலுவலருக்கும் விவசாயிக்கும் தகராறு தொடங்குவது பெரும்பாலும் இந்தப் பச்சைச் சப்பியில்தான்.

2016–17: வடகீழ்ப் பருவம் ஏமாற்றிய போகம்

2016இன் இறுதியில் இந்து சமுத்திரத்தின் வெப்பநிலை ஏற்றத்தாழ்வு எதிர்த்திசையில் பலமாக இருந்தது. பசுபிக்கில் பலவீனமான லா நினா. இரண்டும் சேர்ந்தால் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஒக்டோபர்–டிசம்பர் மழை சுருங்கும். அவ்வாண்டு அப்படியே நடந்தது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழமையைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10ஆம் தேதி மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. காவிரிப் படுகையின் சம்பாவும் படுவான்கரையின் மாரி வேளாண்மையும் ஒரே மழையை நம்பியவை. ஒரே மாதங்களில் கருகின.

இலங்கையில் நான்கு தசாப்தங்களில் கண்ட மிக மோசமான வறட்சி அது. ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் 2017இல் நடத்திய கூட்டு மதிப்பீடு, அவ்வாண்டின் நெல் உற்பத்தி 2.7 மில்லியன் தொன்னாகவே இருக்கும் என்று கணித்தது. முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய 40 சதவீதமும், ஐந்தாண்டுச் சராசரியைவிட 35 சதவீதமும் குறைவு. சுமார் 9 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பின்றி இருப்பதாகவும் அது சொன்னது.

மாரி மழை பொய்த்தால் நட்டம் ஒரு போகத்தோடு நிற்காது. குளங்கள் நிறைவதும் அதே மழையால்தான். நீர்மட்டம் குறைய, அடுத்த சிறுபோகத்துக்கு அனுமதிக்கும் ஏக்கரும் குறையும். உன்னிச்சைக் குளம் மட்டக்களப்புப் பட்டினத்துக்குக் குடிநீரும் கொடுக்கிறது. வறண்ட ஆண்டில் குடிநீருக்கே முதலிடம். ஆக, 2016 நவம்பரில் பெய்யாத மழையின் கணக்கு 2017 ஓகஸ்ட் அறுவடை வரை நீண்டது. அடுத்த பெரும்போகம் வெட்டும் வரை ஒரு மானாவாரிக் குடும்பத்துக்கு நெல்லிலிருந்து வரும் வருமானம் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியது கடன்.

பதினாறு வாரத் தவணை

படுவான்கரைக்குக் கடன் புதிதல்ல. வயல் உடைமையாளரான போடியாரின் காலத்தில் விதைநெல்லும் சாப்பாட்டு நெல்லும் போடியாரிடமிருந்தே வரும். களவெட்டியில் சூடடித்து முடிந்ததும் அவருடைய பங்கோடு கடனும் கழிக்கப்படும். வயலில் பாடுபட்ட முல்லைக்காரருக்கும் வயற்காரருக்கும் மிஞ்சியது சொற்பம் என்பதால்தான் 1958இன் நெற்காணிச் சட்டம் குத்தகையாளரைக் காக்க வந்தது. அந்த ஏற்பாட்டைப் புகழ ஒன்றுமில்லை. ஆனால் அதன் தவணை நாள் அறுவடை நாளாக இருந்தது. வேளாண்மை படுத்தால் போடியாரும் காத்திருக்க வேண்டியிருந்தது.

பிறகு வந்தவை பல. மத்திய வங்கி 1986இல் வங்கிகள் வழியாகத் தொடங்கிய சலுகை வட்டிக் கிராமியக் கடன் திட்டம் போகக் கணக்கில் கொடுக்கிறது. பழைய கடனைக் கட்டாதவருக்குப் புதியது கிடையாது என்பதால், வறட்சிக்குப் பின்னர் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே கதவு மூடுகிறது. அடுத்த படி நகை: தாலிக்கொடி தவிர்ந்த எல்லாம் உழவுக்கு முன் ஈட்டுக்குப் போய் அறுவடைக்குப் பின் திரும்பும். அதற்கடுத்தது உரக்கடை: மருந்தும் உரமும் கடனாக வரும், நெல்லைக் கடைக்காரர் சொல்லும் விலைக்கு அவருக்கே அளக்க வேண்டும்.

போர் 2009இல் முடிந்த பின்னர் வந்தது நுண்கடன். அது பெண்களைத் தேடி வந்ததற்கு இந்த மண்ணில் ஒரு தனிக் காரணமும் உண்டு. மட்டக்களப்பில் வீடும் வளவும், வசதியுள்ள குடும்பங்களில் வயலும், மகளுக்குச் சீதனமாகப் போகின்றன. திருமணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். வீட்டில் எப்போதும் இருப்பவளும், ஊரை விட்டுப் போகாதவளும், அயலாரை அறிந்தவளும் பெண். குழுவாகச் சேர்த்து ஒருவருக்கொருவர் பிணை நிற்க வைக்கும் கடனுக்கு இதைவிட வாய்ப்பான இடம் அமையாது. கணவர் வயலுக்கு உரம் வாங்கினாலும் பற்றுச்சீட்டில் கையெழுத்து அவளுடையது.

இந்தக் கடனின் தவணை வாரந்தோறும் கட்ட வேண்டியது. இங்கேதான் நாட்காட்டி உடைகிறது. பெரும்போகத்தில் விதைப்பிலிருந்து அறுவடை வரை ஏறக்குறைய நான்கு மாதம். விதைக்கும் வாரத்தில் எடுத்த நுண்கடனுக்கு ஒரு நெல்மணி கைக்கு வருமுன் பதினாறு, பதினேழு வாரத் தவணை கட்டியாக வேண்டும். மழை நன்றாகப் பெய்த ஆண்டிலேயே இது பொருந்தாத கணக்கு. கூலி வேலை, வாவியில் இறால், வீட்டுக் கோழி என்று எதையாவது விற்றுத் தவணையைச் சமாளிப்பார்கள். வறண்ட ஆண்டில் கூலி வேலையும் இல்லை. ஒரு கம்பனியின் தவணையைக் கட்ட இன்னொன்றில் கடன். அதைக் கட்ட மூன்றாவது.

2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. வெளிநாட்டுக் கடன் தொடர்பான சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வசூலில் பெண்கள் அனுபவிக்கும் நெருக்குதலையும் அளவுமீறிய வட்டியையும் வெளிப்படையாகக் கண்டித்தார். அதற்குச் சற்று முன்னர்தான் நிதியமைச்சர் மங்கள சமரவீர, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்து மூன்று மாதத்துக்கு மேல் கட்டாமல் நிலுவையில் இருந்த, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அறிவித்திருந்தார். ஆண்டு முடியுமுன் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் வந்தது.

வறட்சியையும் நுண்கடனையும் ஒரே பிரச்சினையாக அரசாங்கம் ஏற்றுக்கொண்டது பெரிய விடயம். ஆயினும் பட்டினி கிடந்து ஒழுங்காகத் தவணை கட்டியவளுக்கு அதில் எதுவும் இல்லை. வாரத் தவணை என்ற முறையும் அப்படியே தொடர்ந்தது.

உரம் பிந்திய போகங்கள்

பொருந்தாத நாள் மழையால் மட்டும் வருவதில்லை என்பதை 2021–22 காட்டியது. 2021 மே மாதம் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தியது. நவம்பர் இறுதியில் தடையை நீக்கியபோது பெரும்போகப் பயிர் மண்ணில் நின்றது; கையில் உரம் இல்லை. நாடு முழுவதும் அப்போகத்தின் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. மழைக்கு அதில் பெரிய குற்றமில்லை.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடே நிறுத்தியது. டீசலுக்கு வரிசை, உழவு மெசினும் வெட்டு மெசினும் கொட்டிலில் நின்றன. ஒரு காலத்தில் மானியத்தில் 350 ரூபாவுக்குக் கிடைத்த 50 கிலோ யூரியா மூடை வெளிச்சந்தையில் 30,000 ரூபாவைத் தாண்டியது. இந்தியக் கடனுதவியில் வந்த 44,000 தொன் யூரியா அந்த ஆண்டு ஜூலையில்தான் கொழும்பில் கையளிக்கப்பட்டது. மூடை 10,000 ரூபா என்றார்கள். ஏப்ரல்–மேயில் விதைத்த மூன்று மாதப் பயிருக்கு ஜூலை யூரியா எதற்கு? உரம் வந்தது உண்மை, விலை குறைந்ததும் உண்மை. அந்தப் போகத்துக்கு மட்டும் அது பயன்படவில்லை.

களவெட்டி இல்லாத அறுவடை

விளைந்தாலும் பிரச்சினை முடியவில்லை. முன்பு வெட்டிய கதிரைச் சூடாக அடுக்கி, வாரக்கணக்கில் வைத்து, மாடு பூட்டிச் சூடடித்து, பொலி தூற்றி, காய்ந்த நெல்லை வீட்டுப் பட்டறையில் கட்டி வைத்தார்கள். வேலை கடினம், ஆனால் எப்போது விற்பது என்பது வீட்டுக்காரர் கையில் இருந்தது. இப்போது வெட்டு மெசின் காலையில் இறங்கினால் மாலைக்குள் வயல் வெறுமை. மெசினின் குழாயிலிருந்து கொட்டுவது ஈரநெல். காயவைக்கக் களமில்லை, தார் வீதியின் ஒரு கரையில் பரப்பி, வாகனம் வரும்போதெல்லாம் காலால் ஒதுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். மழை மூடம் போட்டால் இரண்டு நாளில் முளைக்கும். வரம்போரம் லொறி நிற்கிறது, தராசு தொங்குகிறது, காசு கையில் இருக்கிறது. ஈரம் என்று ஒரு கழிவு, சாக்கு என்று ஒரு கழிவு, கேட்ட விலைக்கு விற்பனை. நகை ஈட்டுக்கடைக்காரரும் தவணைக்காரரும் அதே வாரத்தில் காத்திருப்பதால் பொறுத்திருந்து விற்க வழியில்லை.

நெல் சந்தைப்படுத்தும் சபை 1971இல் உருவானது இப்படி அடிவிலைக்கு விற்பதைத் தடுக்கத்தான். ஆனால் விலை அறிவிக்கும் நாளும் அறுவடை நாளோடு பொருந்துவதில்லை. கிழக்கின் பெரும்போக அறுவடை ஜனவரியின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிடும். 2025இல் நாடு நெல் கிலோ 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 ரூபா என்று உத்தரவாத விலை அறிவிக்கப்பட்ட நாள் பெப்ரவரி 5. அந்த விலையும் 14 சதவீத ஈரப்பதனுக்குள் காய்ந்த நெல்லுக்கு. பிந்தி அறுக்கும் மாவட்டங்களுக்கு அது காலத்தோடு வந்த அறிவிப்பு. முந்தி அறுத்த கிழக்குக்கு, பலருடைய நெல் லொறியில் ஏறிய பின் வந்த அறிவிப்பு.

காப்புறுதி என்ன ஈடு செய்கிறது?

கமத்தொழில் காப்புறுதிச் சபையின் நெற்பயிர்க் காப்புறுதி, முழுச் சேதத்துக்கு ஏக்கருக்கு உச்சமாக 40,000 ரூபா தருகிறது. 2025இன் 120 ரூபா விலையில் கணக்குப் பார்த்தால் இது ஏறத்தாழ 333 கிலோ நெல்லின் பெறுமதி. நாட்டின் சராசரி விளைச்சலோ ஏக்கருக்கு ஒன்றே முக்கால் தொன்னுக்குக் கிட்ட. ஆக, எல்லாம் போனவருக்கு விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. அதற்கும் விவசாயி விண்ணப்பிக்க வேண்டும், அலுவலர் வந்து பார்க்க வேண்டும், மதிப்பீடு கொழும்புக்குப் போய் வர வேண்டும். அடுத்த போக உழவுக்குக் காசு தேவைப்படும் நாளில் கோப்பு எங்கோ நடந்துகொண்டிருக்கும். உரமானியம் 2024/25 பெரும்போகத்திலிருந்து ஹெக்டேயருக்கு 25,000 ரூபாவாக உயர்ந்தது, ஏக்கருக்குப் பத்தாயிரம். உதவிதான். அதுவும் விதைப்புக்கு முன் வங்கிக் கணக்கில் விழுந்தால் உரமாகும். பின்னர் விழுந்தால் பழைய கடனுக்கு வட்டியாகும்.

மாற்றாகப் பேசப்படுவது மழைச்சுட்டிக் காப்புறுதி. குறிப்பிட்ட நாட்களுக்குள் மழைமானி இத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே காட்டினால், வயலைப் பார்க்காமலே பணம் விடுவிக்கப்படும். இலங்கையிலும் இது சோதிக்கப்பட்டிருக்கிறது. வேகம் அதன் பலம். மழைமானி இருக்கும் இடத்தில் பெய்த மழை பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வட்டையில் பெய்யாமற்போவது அதன் பலவீனம். படுவான்கரையில் வட்டைக்கு ஒரு மழைமானி வைப்பது பெரிய செலவில்லை. அதை வைக்காமல் இந்தக் காப்புறுதியைக் கொண்டுவந்தால், காயாத வயலுக்குப் பணமும் காய்ந்த வயலுக்குக் கைவிரிப்பும் என்றாகும்.

ஊர் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகள்

இதற்கிடையில் விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட, இரண்டரை மாதத்தில் விளையும் பீ.ஜீ. 250 போன்ற குறுகிய வயது இனங்களைத் தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் விதைக்கலாம். விளைச்சல் குறைந்தாலும் கடைசித் தண்ணீருக்கு முன் முற்றிவிடும். குளத்தில் அரைவாசி நீரே இருந்தால், மேல்வாய்க்காலுக்கு அருகில் உள்ள காணியை மட்டும் விதைத்து அதை எல்லோரும் பங்கிட்டுச் செய்யும் பழைய ஏற்பாடு உலர்வலயத்தில் நெடுங்காலம் இருந்தது. சொந்தக் காணி வரம்பைத் தற்காலிகமாக மறக்கச் சம்மதிக்கும் ஊரில்தான் அது நடக்கும். குத்தகைக்கும் ஈட்டுக்கும் கைமாறிய காணிகள் கூடக்கூட அந்தச் சம்மதம் அரிதாகிறது.

மாடு இன்னொரு சேமிப்பு. வேளாண்மை படுத்த ஆண்டில் இரண்டு மாட்டை விற்று ஆண்டைத் தள்ளுவார்கள். பயிர்ச்செய்கைக் காலத்தில் மாடுகள் வட்டையை விட்டு மேற்கே மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளுக்குப் போக வேண்டும். அந்தத் தரைகளில் வெளியார் பயிர் செய்வதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அதை நிலப் பிரச்சினையாக மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். மேய்ச்சல் தரை போனால் வறட்சிக்கு வைத்திருந்த கடைசிச் சேமிப்பும் போகும்.

சடங்கும் இதில் சேர்ந்ததே. வைகாசியில் கண்ணகி கோயில்களின் திருக்குளிர்த்தியும், ஊர் வடசேரி தென்சேரியாகப் பிரிந்து இழுக்கும் கொம்புமுறியும் மழையும் நோயின்மையும் வேண்டி நடப்பவை. மழை வந்ததோ இல்லையோ, நெருக்கடியை ஊரின் பொதுக் கவலையாக்க அவை உதவின. வாரத் தவணைக் கடன் அதே நெருக்கடியை ஒவ்வொரு வீட்டின் தனி அவமானமாக்கிவிட்டது.

ஒரே மேசையில்

நாட்களைப் பொருத்தும் வேலைக்குப் புதிய சபையோ அதிகாரசபையோ தேவையில்லை; அதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கு முன்பும் அரச அதிகாரி தலைமையில் நீர்ப்பாசனத் திணைக்களம், கமநலத் திணைக்களம், கமக்காரர் அமைப்புகள், வட்டைகளைக் கவனிக்கும் வட்டவிதானைமார் கூடும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் அது. விதைக்கத் தொடங்கும் நாள், இறுதி விதைப்பு நாள், வாய்க்கால் திறக்கும் நாள், எத்தனை மாத நெல், மாடுகள் வெளியேற வேண்டிய நாள் எல்லாம் அங்கே தீர்மானமாகின்றன. சட்டத்தின் பலம் அவற்றுக்கு உண்டு, மீறினால் தண்டம்.

அந்த மேசையில் பணம் சம்பந்தப்பட்ட நாட்கள் வருவதில்லை. வர வேண்டியவை நான்கு. கடன்: வட்டையில் கொடுக்கும் எந்தப் பயிர்க்கடனுக்கும், நுண்கடன் உட்பட, முதல் தவணை அந்த வட்டையின் அறுவடை நாளுக்குப் பின்னரே. மானியம்: இறுதி விதைப்பு நாளுக்கு முன் கணக்கில். விலை: முதலில் அறுக்கும் மாவட்டத்தின் அறுவடைக்கு முன் அறிவிப்பும் திறந்த களஞ்சியமும், ஈரநெல்லைக் காயவைத்து வாங்கும் வசதியோடு. காப்புறுதி: சேதம் பார்க்க வரும் நாள் குடலைப் பருவத்துக்குப் பின் இத்தனை நாளுக்குள், பணம் அடுத்த உழவுக்கு முன்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அறுவடை வரை காத்திருந்தால் காசு செலவாகிவிடும், வாரத் தவணைதான் ஏழைகளைக் கட்டுப்பாட்டில் வைக்கிறது என்று கடன் நிறுவனங்கள் சொல்லும். நிலையான கூலி உள்ளவருக்கு அது சரியாக இருக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் வருமானம் வரும் வீட்டில் வாரத் தவணை செய்வது கட்டுப்பாடு அல்ல. இரண்டாவது கடனை உற்பத்தி செய்வது. வேறொரு கேள்வியும் உண்டு: மானாவாரிக்கு வாய்க்கால் நாளே இல்லையே? உண்மை. அங்கே விதைப்பு நாளையும் மழைமானியையும் வைத்துத்தான் கணக்கு ஓட வேண்டும். ஆரம்பக் கூட்டம் இன்றுவரை குளத்துக் காணிகளை மையமாக வைத்தே நடக்கிறது. மாவட்டத்தின் பெரும் பகுதி வானம் பார்த்த பூமி என்ற உண்மை அதன் நிகழ்ச்சிநிரலில் இடம்பெறச் செய்ய வேண்டியது கமக்காரர் அமைப்புகளின் முதல் வேலை.

குளங்களை உயர்த்துவதும் இணைப்பதும் தேவைதான். கித்துள், உறுகாமம் குளங்களை இணைக்கும் பேச்சு நெடுநாளாக நடக்கிறது. அதற்குக் கோடிக்கணக்கில் பணமும் ஆண்டுக்கணக்கில் காலமும் வேண்டும். நாட்களைப் பொருத்த ஒரு கூட்டமும் அதில் கையெழுத்திட வேண்டிய நான்கு நிறுவனங்களும் போதும். வறட்சியை அது தடுக்காது. ஒரு போகம் படுத்தால் அது ஒரு போக நட்டத்தோடு நிற்கும். மூன்றாண்டுக் கடனாக வளராது. அடுத்த ஆரம்பக் கூட்டத்துக்குப் போகும் கமக்காரர் அமைப்பு, தண்ணீர் திறக்கும் நாளைக் கேட்ட கையோடு தவணை நாளையும் கேட்கட்டும்.